வேகத்தைக் குறைத்த நாள் முதல்

24 பிப்ரவரி 2025, திங்கள்

மசாலா பாக்கெட் போடும் லைன் மூன்று இன்று காலையில் மட்டும் நான்கு முறை நின்றது. திரையில் ஒவ்வொரு முறையும் ஒரே செய்தி: தொடர்பு இல்லை. நான்காவது முறை பாலகிருஷ்ணன் தானே கீழே இறங்கி வந்துவிட்டார். தொழிற்சாலை மேலாளர் தளத்துக்கு வந்தால் கையில் வேலை இல்லாதவர்களும் எதையாவது திருகிக்கொண்டிருப்பார்கள். நானும் திருகினேன்.

லைன்களின் கட்டுப்பாட்டு அமைப்பைக் கவனிப்பது என் வேலை. மதியத்துக்குள் காரணம் தெரிந்துவிட்டது. போன மாதம் வைத்த பெரிய மோட்டாரின் மின் கேபிளும் எங்கள் தகவல் கேபிளும் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. மோட்டார் ஓடினால் தகவல் கேபிளில் மின் இரைச்சல். அந்த ஒரே தகவல் கேபிளில்தான் இருபத்திரண்டு பெட்டிகள் தொங்குகின்றன. சில சூட்டை அளப்பவை, சில எடை பார்ப்பவை, சில பட்டன்களையும் பெல்ட்டையும் இணைப்பவை. லைனை இயக்கும் கன்ட்ரோலர் அனுப்பும் செய்தி பாதி வழியில் சிதைந்துபோகிறது.

கேபிளை வேறு பாதையில் இழுக்க இரண்டு நாள் லைனை நிறுத்த வேண்டும். அதைச் சொல்ல ஆரம்பித்து, பாலகிருஷ்ணன் முகத்தைப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டேன்.

வேகத்தைக் குறைத்தேன். நொடிக்கு 38,400 பிட் என்றிருந்ததை 9,600 ஆக்கினேன். இரைச்சலுக்கு நடுவில் மெதுவாகப் பேசினால் காதில் விழுகிறதே, அப்படித்தான் இதுவும். இரண்டு மணிக்குப் பிறகு ஒரு பிழைகூட இல்லை. செய்ததை மாற்றப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“அரை நாள்ல முடிச்சிட்ட சுபாங்கி. குட் லா.”

புக்கிட் பாஞ்சாங்கில் வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன். இந்த வேலையில் பாராட்டு அடிக்கடி கிடைப்பதில்லை.

27 பிப்ரவரி, வியாழன்

மூன்று நாளாக லைன் மூன்று ஒருமுறைகூட நிற்கவில்லை.

4 மார்ச், செவ்வாய்

லைன் மூன்றைக் கடந்துபோனபோது ஆமினாக்கா கூப்பிட்டார்.

“சுபா, இந்தப் பட்டன் சோம்பேறி ஆயிடுச்சு. அழுத்தினா யோசிச்சு யோசிச்சு நிக்கிது.”

ஆமினா பீவி ஒன்பது வருடமாக அதே இடத்தில் நிற்கிறார். மசாலா பாக்கெட்டின் வாயைச் சூட்டில் ஒட்டும் இயந்திரம் அவர் பொறுப்பு. இரண்டு இரும்புக் கட்டைகள் நொடிக்கு ஒருமுறை வந்து கடித்துவிட்டு விலகும். பாக்கெட் கோணலாகச் சிக்கிக்கொண்டால் பக்கத்தில் இருக்கும் நிறுத்து பட்டனை அழுத்தி, இடைவெளியில் கையை விட்டு எடுத்து, மறுபடி ஓடவிடுவார். ஒரு ஷிப்டில் இருபது தடவையாவது இருக்கும்.

“பழசாயிருக்கும்க்கா. மாத்திடறேன்” என்றேன்.

மதியம் புதுப் பட்டன் போட்டேன். பத்து நிமிட வேலை. அவர் நோன்பு. அப்படியும் எனக்கு ஒரு கறிபஃப் வாங்கி வைத்திருந்தார். வேண்டாம் என்றதற்கு, “நான் சாப்பிடலன்னா நீயும் பட்டினி கிடக்கணுமா?” என்று கேட்டுக் கையில் திணித்தார்.

11 மார்ச், செவ்வாய்

ஆமினாக்காவின் கை மாட்டிக்கொண்டது.

சாயங்காலம் நான்கு நாற்பதுக்கு. நான் பேனல் அறையில் இருந்தேன். சத்தம் கேட்கவில்லை, எல்லாம் ஒரேயடியாக நின்றதுதான் கேட்டது. யாரோ சிவப்பு அவசர பட்டனை அடித்திருக்கிறார்கள். ஓடினேன்.

வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அவர் அழவில்லை. “பட்டன அழுத்தினேன் சுபா, அழுத்தினேன்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் கதவு மூடும்வரை.

இரண்டு விரலிலும் நுனியை எடுத்துவிட்டார்களாம். என்னோடு வேலை பார்க்கும் பிரேம் இப்போதுதான் போன் பண்ணிச் சொன்னான்.

12 மார்ச், புதன்

லைன் மூன்றைச் சுற்றி மஞ்சள் நாடா. அடுத்த புதன்வரை ஓடாது.

காலையில் கூட்டம். பாலகிருஷ்ணன் கேமரா பதிவைப் போட்டுக் காட்டினார். பாக்கெட் சிக்குகிறது. ஆமினாக்கா இடது கையால் பட்டனை அழுத்துகிறார். வலது கை உள்ளே போகிறது. கட்டைகள் இன்னும் ஒரே ஒரு முறை மூடுகின்றன.

“நிக்கிறதுக்கு முன்னாடியே கை வெச்சிட்டாங்க. ரூல் என்ன? நின்ன பிறகுதான் கை. நோன்பு மாசம் வேற, தண்ணி குடிக்காம ஒரு மாதிரி மயக்கமா இருந்திருக்கும். பாவம்தான். ஆனா ரிப்போர்ட்ல உள்ளதத்தான எழுதணும்.”

எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன்.

பதிவை இரண்டாம் முறை ஓட்டியபோது ஆமினாக்காவின் முகத்தை மட்டும் பார்த்தேன். மயக்கம் எங்கே இருக்கிறது? பக்கத்தில் நின்றவரோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே கையை விடுகிறார். எப்போதும் விடுவதுபோல.

யோசிச்சு யோசிச்சு நிக்கிது.

அவர் சொன்னதுதான். எட்டு நாளைக்கு முன்னால். என்னிடம்.

13 மார்ச், வியாழன்

பிரேமைக் கூட்டிக்கொண்டு நாடாவுக்குள் போனேன். ஆய்வுக்கு என்று பாதுகாப்பு அலுவலரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். பிரேம் போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்தான், நான் பட்டனை அழுத்தினேன். அழுத்தியதிலிருந்து கட்டைகள் நிற்கும்வரை எவ்வளவு நேரம்?

0.6 நொடி. 1.4. 0.9. 1.3. 0.7.

வேகத்தைப் பழைய 38,400க்கு ஏற்றினேன். கட்டைகள் மட்டும்தான் ஓடின, பெரிய மோட்டார் ஓடாததால் இரைச்சல் இல்லை.

0.2. 0.4. 0.3. 0.3.

பிரேம் போனைக் கீழே இறக்கினான். அவனுக்கும் புரிந்துவிட்டது. திரும்ப 9,600இல் வைத்தேன், விபத்தன்று இருந்தபடி.

எனக்கே விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன். கன்ட்ரோலர் வகுப்பில் பெயர் கூப்பிடும் ஆசிரியரைப்போல. இருபத்திரண்டு பெட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்: உன் நிலை என்ன? பதில் வந்த பிறகுதான் அடுத்த பெயர். 9,600 வேகத்தில் ஒரு எழுத்து போகவே ஒரு மில்லி நொடிக்கு மேல். கேள்வி, பதில், நடுவில் மௌனம் எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டிக்கு முப்பத்திரண்டு மில்லி நொடி. ஒரு சுற்று முடிய முக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவு. பழைய வேகத்தில் ஒரு பெட்டிக்குப் பத்துதான்.

பட்டன் இருக்கும் பெட்டியின் முறை அப்போதுதான் முடிந்திருந்தால்? அழுத்தியது அடுத்த சுற்றில்தான் தெரியும். பிறகு “நில்” என்ற கட்டளை வேறொரு பெட்டிக்குப் போக வேண்டும். அதன் முறையும் அப்போதுதான் முடிந்திருந்தால் இன்னொரு சுற்று. ஒன்று புள்ளி நான்கு.

கட்டைகள் நொடிக்கு ஒருமுறை கடிக்கும்.

அன்றைக்கு நான் சூட்டைப் பற்றியும் எடையைப் பற்றியும்தான் நினைத்தேன். சூடு ஒரு நொடி தாமதமாகத் தெரிந்தால் என்ன குடி முழுகிவிடும்? ஒரு நிறுத்து பட்டனும் அதே வரிசையில் நிற்கிறது என்று நினைக்கவே இல்லை. சிவப்பு அவசர பட்டன் மின்சாரத்தையே நேராக வெட்டும், அதற்கு இந்த வரிசை கிடையாது. ஆனால் அது நான்கு தப்படி தள்ளி இருக்கிறது.

பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பட்டனைத் தகவல் கேபிளில் இணைத்தது நான் சேர்வதற்கு முன்பு வந்த ஒப்பந்தக்காரர். தனி ஒயர் இழுத்திருக்க வேண்டியது. அதைக் கண்டதும் ஒரு ஆறுதல். ஆறுதல் வந்ததே அசிங்கமாக இருந்தது.

நாடாவைத் தாண்டி வெளியே வந்ததும் பிரேம் கேட்டான்: “அக்கா, இத வெளிய சொல்லப்போறீங்களா?”

“தெரியல” என்றேன்.

14 மார்ச், வெள்ளி

என் கணவர் வசீகரனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

“வேணும்னா செஞ்சே? இல்லியே. அந்தப் பட்டன் அதுல இருக்குன்னு உனக்கு ஞாபகமே இல்ல.”

“ஞாபகம் இருந்திருக்கணும். அது என் வேலை.”

“யாராவது உன்னக் கேட்டாங்களா சுபா? கேக்காத கேள்விக்கு ஏன் நீயா போய் நிக்கிற? போலீஸ், கோர்ட்னு போனா என்ன ஆகும்னு யோசிச்சியா?”

கோபமாகச் சொல்லவில்லை. பயந்துதான் சொன்னார். அவர் பயந்து நான் பார்த்தது குறைவு. அதனால் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

16 மார்ச், ஞாயிறு

ஆமினாக்காவைப் பார்க்கப் போனேன். தேக்கா சந்தைக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடி புளோக். மின்தூக்கியில் ஏறும்வரை சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன்.

கை முழுக்கக் கட்டு. தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார். மகன் அர்ஃபான் கதவைத் திறந்து உட்காரச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். நான் எந்த வேலையில் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

“நாந்தான் அவசரப்பட்டுட்டேன் சுபா” என்றார் ஆமினாக்கா.

“யார் சொன்னது?”

“ஆபீஸ்ல இருந்து வந்து வீடியோ காட்டினாங்க. நானே பாத்தேனே, ஓடிக்கிட்டிருக்கிறப்பவே கைய விடறேன். எப்படி விட்டேன்னே புரியல. ஒன்பது வருஷமா அழுத்துவேன், கை தன்னால போகும், அது நின்னிருக்கும். நான் எண்ணிப் பாத்ததே இல்ல.”

கட்டுத் துணியின் ஓரத்தை இடது கையால் நீவினார். “வயசாயிடுச்சு போல.”

அவருக்கு ஐம்பத்து நான்கு.

செவ்வாய்க்கிழமை ஒரு காகிதம் வருகிறதாம். நிற்கும் முன்பே கை வைத்தேன், விதியை மீறினேன் என்று. கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். “வலது கை இப்படி இருக்கே, இடது கையால போட்டா செல்லுமான்னு கேட்டேன். செல்லுமாம்.”

நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பழம் வாங்கிவந்த பையை மேசைமேல் வைத்தேன். போய் வருகிறேன் என்றேன்.

சொல்லவில்லை. சொல்லவே இல்லை. என்ன மனுஷி நான்?

17 மார்ச், திங்கள்

இன்றும் சொல்லவில்லை. பாலகிருஷ்ணன் நாள் முழுக்கத் தலைமை அலுவலகத்தில் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

18 மார்ச், செவ்வாய்

வேலைக்குப் போகும் முன் எங்கள் புளோக்கின் கீழேயே நின்று போன் செய்தேன். பஸ்ஸில் ஏறினால் செய்யமாட்டேன் என்று தெரியும்.

“அக்கா, அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடாதீங்க.”

“ஏம்மா?”

“நீங்க அவசரப்படல. பட்டன்தான் லேட். ஒரு நொடிக்கு மேல லேட். நான்தான் அத லேட் ஆக்கினேன். லைன் நிக்காம ஓடணும்னு வேகத்தக் குறைச்சேன். அளந்து பாத்துட்டேன்க்கா.”

பின்னால் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

“நான் அன்னிக்கே உங்கிட்ட சொன்னேனே” என்றார்.

“ஆமா.”

“சொன்னேன்ல?”

“சொன்னீங்கக்கா.”

வைத்துவிட்டார்.

ஒன்பது மணிக்குப் பாலகிருஷ்ணன் அறைக்குப் போய், அளந்த எண்களை மேசைமேல் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“யார் யாருக்குத் தெரியும்?”

“பிரேமுக்கு, என் வீட்டுக்காரருக்கு. இப்ப ஆமினாக்காவுக்கு.”

“ஃபர்ஸ்ட் எங்கிட்டதான வரணும்?” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “சரி. வேகத்தப் பழையபடி ஏத்திடு. கேபிள நான் மாத்தித் தரேன். நாளைக்கு லைன ஓட்டணும், மேலேர்ந்து தினம் கேக்கிறாங்க. அந்தப் பதிவேடும் முடியப்போகுது, புதுசு ஒண்ணு எடுத்துக்கோ.”

“முடியல சார். இன்னும் நாப்பது பக்கம் இருக்கு.”

அவர் என்னையே பார்த்தார். “அதுல இருக்கிறது உன் பேர். உனக்காகத்தான் சொல்றேன்.”

“தெரியும் சார்.”

“நிக்கிறதுக்கு முன்னாடி அவங்க கை வெச்சாங்களா, இல்லியா?”

“வெச்சாங்க. நின்னிருக்கும்னு நம்பி வெச்சாங்க. ஒன்பது வருஷமா நின்னுச்சே.”

என் இடத்துக்கு வந்து எல்லாவற்றையும் எழுதினேன். பாதுகாப்பு அலுவலருக்கும் விசாரணையைக் கவனிக்கும் மனிதவள அமைச்சின் அதிகாரிக்கும் அனுப்பினேன்.

19 மார்ச், புதன்

லைன் மூன்று ஓடவில்லை. பாதுகாப்பு அலுவலர் தடுத்துவிட்டார். நாளை அதிகாரி வருகிறார்.

பதிவேடு அலமாரியில் இல்லை. பிரேமும் தேடினான். மேல் தட்டு, கீழ் தட்டு, பேனல் அறை — எங்கும் இல்லை. படம் எடுத்து வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. பதிவேடு இல்லாவிட்டால் எப்போது மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்பதற்கு என் வாய்ச்சொல்தான்.

இது எனக்கு நல்லதா கெட்டதா? அப்படி ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரு நிமிடம் அல்ல, ரொம்ப நேரம்.

20 மார்ச், வியாழன்

அதிகாரி ஒரு பெண். என்னைவிட இளையவர், அதிகம் பேசமாட்டார். ஒரு மரக்கோலின் நுனியில் கையுறையை மாட்டி, பட்டனை அழுத்திவிட்டு உள்ளே நீட்டச் சொன்னார். மூன்று முறை ஒன்றும் ஆகவில்லை. நான்காவது முறை கட்டைகள் கையுறையைக் கடித்தன. ரப்பர் கருகும் வாசனை.

பாலகிருஷ்ணனைப் பார்த்து, “இந்த இடைவெளிக்கு மூடி ஏன் போடவில்லை?” என்று கேட்டார்.

கூட்ட அறையில் உட்கார்ந்ததும் மாற்றப் பதிவேட்டைக் கேட்டார். காணோம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பாலகிருஷ்ணன் தன் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் அப்படியே இருந்தது, என் கையெழுத்தோடு.

இரண்டு நாள் அது அவரிடம் இருந்திருக்கிறது. இரண்டு நாளும் அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்தேன்.

கடைசியாக அதிகாரி கேட்டது: “விபத்துக்கு முன் பட்டன் தாமதமாக இருப்பதாக யாராவது சொன்னார்களா?”

என் அறிக்கையில் அது இல்லை. எல்லாவற்றையும் எழுதினேன் என்று கூச்சமில்லாமல் போட்டு வைத்திருக்கிறேனே செவ்வாயன்று — அதை மட்டும் எழுதவில்லை. ஆமினாக்காவையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

“என்கிட்ட சொன்னாங்க. நாலாம் தேதி. நான் பட்டன மட்டும் மாத்தினேன். எவ்வளவு நேரத்துல நிக்கிதுன்னு பாக்கல.”

அதிகாரி எழுதிக்கொண்டார். பிரேம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

31 மார்ச், திங்கள்

நோன்புப் பெருநாள். ஆமினாக்காவுக்கு வாழ்த்து அனுப்பினேன். படித்துவிட்டதைக் காட்டும் இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை.

வசீகரன் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு தேநீர் போட்டுத் தந்தார்.

22 ஏப்ரல், செவ்வாய்

இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்று எனக்கு, எச்சரிக்கைக் கடிதம். ஒரு வருடத்துக்கு இன்னொருவர் கையெழுத்து இல்லாமல் எந்த அமைப்பையும் நான் மாற்றக் கூடாது. படிக்கும்போது வெட்கமாக இருந்தது. அநியாயம் என்று தோன்றவில்லை. பாலகிருஷ்ணனுக்கும் ஒன்று வந்ததாகப் பிரேம் சொன்னான்.

மற்றது தளத்தின் அறிவிப்புப் பலகையில். விபத்துக்கு ஆமினா பீவியின் கவனக்குறைவு காரணம் அல்ல என்று நான்கு வரி, நான்கு மொழியில். தமிழில் அவர் பெயரை ‘அமீனா’ என்று போட்டிருந்தார்கள். பேனாவால் திருத்தினேன்.

9 மே, வெள்ளி

தேக்காவில் ஆமினாக்காவைப் பார்த்தேன். இடது கையால் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். வலது கை முந்தானைக்குள். என்னைப் பார்த்தாரா, பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாரா? நான் மீன் கடைப் பக்கம் திரும்பிப் போய்விட்டேன்.

2 ஜூன், திங்கள்

புதிய கேபிள் பாதை முடிந்தது. நிறுத்து பட்டனுக்குத் தனி ஒயர், நேராக இயந்திரத்துக்கு. இடைவெளிக்கு மூடி, மூடியைத் திறந்தாலே எல்லாம் நிற்கும். பிரேமும் நானும் நூறு முறை அளந்தோம். ஒன்றுகூட கால் நொடியைத் தாண்டவில்லை. நூறையும் பதிவேட்டில் எழுதினேன்.

15 ஜூலை, செவ்வாய்

ஆமினாக்கா இன்று வேலைக்குத் திரும்பினார்.

லேபிள் ஒட்டும் பிரிவில் உட்கார்ந்து செய்யும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம், லைன் மூன்றுதான் வேண்டும் என்றாராம். காலையில் பாலகிருஷ்ணன் என்னைக் கூப்பிட்டு, “நீதான் போய்ப் புது அமைப்பக் காட்டணும். அவங்களே கேட்டாங்க” என்றார்.

போனேன். மூன்று மாதத்துக்கு மேல் நாங்கள் பேசவில்லை. எப்படி இருக்கீங்க என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒயர் எங்கே போகிறது, மூடி எப்படித் திறக்கும், எத்தனை முறை அளந்தோம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

லைன் ஓட ஆரம்பித்தது. பத்து நிமிடத்தில் ஒரு பாக்கெட் கோணலாகச் சிக்கியது.

ஆமினாக்கா பட்டனை அழுத்தினார். உடனே நின்றது. மூடியைத் திறந்தார். வலது கை பாதி தூரம் போனது, அங்கேயே நின்றுவிட்டது. குட்டையான அந்த இரண்டு விரல்களையும் இருவருமே பார்த்தோம். கையை இழுத்துக்கொண்டார். ஒரு எட்டு நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

“நீ எடு” என்றார்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். முழங்கைவரை உள்ளே விட்டேன். கட்டைகளின் சூடு இரண்டு பக்கமும் தோலில் தெரிந்தது. பாக்கெட் ஆழமாகச் சிக்கியிருந்ததால் வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆமினாக்கா என் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நான் நீட்டிய பாக்கெட்டை வாங்கிக் கூடையில் போட்டார். மூடியைச் சாத்தி லைனை ஓடவிட்டார்.

“அடுத்தது நான் எடுக்கிறேன்” என்றார். “அதுவரைக்கும் போயிடாத.”

மூன்றாவது பாக்கெட்வரை நின்றேன்.